கம்பிக்கு இந்தப் பக்கம்

சிறைக் கதவு சாத்திக்கொள்ளும்போது இடி மாதிரி சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜை இடுப்பால் இடித்து மூடினால் வருமே, அதே 'டொக்'.

மூடியவன் நான். உள்ளே நின்றவனும் நான். கைதியையும் காவலனையும் ஒரே ஆளாகப் பார்க்கும் பாக்கியம் லார்க் ஹில் ஊர் மியூசியத்துக்கு அன்றுதான் கிடைத்தது.

"சூப்பர்ப்பா! அப்படியே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழற மாதிரி நில்லுங்க" என்று வெளியிலிருந்து போட்டோ எடுத்தாள் என் மகள் லரிசா.

அழுகிற மாதிரி நின்றேன். எடுத்தாள். போதும் என்று கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இழுத்தேன். அதற்கும் அசையவில்லை. அதற்கப்புறம் அழுகிற மாதிரி நிற்க நடிப்பு தேவைப்படவில்லை.

லரிசாவும் இழுத்துப் பார்த்தாள். பிறகு, கதவில் நான் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தாள். தொப்பிக்குப் பின்னால் ஓர் அட்டை. சிவப்பு எழுத்து, கீழே இரண்டு கோடு: 'தயவுசெய்து சாத்த வேண்டாம். சாவி கிடையாது.'

"அப்பா" என்றாள் லரிசா, மெதுவாக. "இங்க ஒரு அட்டை விடாம எல்லாத்தையும் சத்தமா வாசிச்சீங்க. அந்த ரெண்டு தலைக் கன்னுக்குட்டி எந்தப் பண்ணையில பிறந்துச்சுங்கற வரைக்கும் வாசிச்சீங்க. இது ஒண்ணை மட்டும் ஏன் தொப்பி போட்டு மூடுனீங்க?"

"ஆணி இருக்குன்னு மாட்டினேன்."

"ஆணியில அட்டை மாட்டியிருக்காங்க."

"அது இப்பதான் தெரியுது."

வாராவாரம் இந்தத் தொடரைப் படித்து எங்களோடு வருகிறவர்களுக்கு இந்தப் பயணம் தெரியும். இன்றுதான் வண்டியில் ஏறுகிறவர்கள் இப்படி ஓரமாக உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஓரெஸ்ட் ஹுமெனியுக். கனடாவில், வெக்ரவில் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மகன் தாரஸுக்கு நாளை டாஃபினில் கல்யாணம். என் மனைவி ஸெனியா, போன குளிர்காலத்தில் அவள் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் என்று சாஸ்கட்டூனுக்குப் போனாள். முட்டி குணமாகிவிட்டது. அக்கா இப்போது போல்கா நடனமே ஆடுகிறாளாம். ஸெனியா மட்டும் திரும்பி வரவில்லை.

பிரிந்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் நடக்கவில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம்.

போகிற வழியில் அவளையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் லரிசா. சாஸ்கட்டூனில் ஸெனியா ஏறியதிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். கல்யாணம் முடிந்ததும் அவள் வீட்டுக்கு வருவாளா, மாட்டாளா? ஆனால் என் வாய் இருக்கிறதே, அது எதையும் நேராகக் கேட்காது. பெட்ரோல் போடும்போது, "ஞாயித்துக்கிழமை உன் பெட்டி என் வண்டியில வருதா, இல்ல அக்கா வீட்டுக்குப் பார்சலா?" என்றேன். "ரோட்டைப் பாரு" என்றாள். வண்டி நின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் லார்க் ஹில் மியூசியம் என்ற பலகையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினேன். மியூசியம் என்று எங்கே எழுதியிருந்தாலும் நான் நிறுத்துவேன். முள்கம்பிக்கு மியூசியம், உப்புக் குப்பிக்கு மியூசியம், எதையும் விட்டதில்லை. ஸெனியா காரிலேயே இருந்துவிடுவாள். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான். மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம், பக்கத்தில் தோல் துப்ப ஒரு காகித டம்ளர். மியூசியம் என்றால் அவளுக்கு ஆகாது.

நாங்கள் வந்தபோது மியூசியம் பூட்டியிருந்தது; வாசல் கதவில் ஒட்டியிருந்த நம்பருக்கு போன் செய்தோம். இர்மா ஸோல்பெர்க் என்ற அம்மாள் ஏப்ரனோடு வந்து திறந்துவிட்டாள். கன்னத்தில் மாவு.

"இன்னிக்கு சர்ச் ஹால்ல வான்கோழி விருந்து. எனக்கு உருளைக்கிழங்கு மசிக்கற வேலை இருக்கு. நீங்க பாட்டுக்குச் சுத்திப் பாருங்க. போறப்போ கதவை மட்டும் இழுத்துச் சாத்திட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எந்தக் கதவு என்று அவள் சொல்லவில்லை.

நான் உள்ளே மாட்டிக்கொண்டதும் இர்மாவுக்கு மறுபடி போன் போட்டோம். உருளைக்கிழங்கு மசிக்கிறவள் எங்கே போனை எடுப்பாள்? "நானே ஹாலுக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வர்றேன். நீங்க எங்கயும் போயிடாதீங்க" என்றாள் லரிசா. நகைச்சுவை அவளுக்கு என்னிடமிருந்து வந்த சொத்து. வாசலில், "அம்மா, அப்பாவை ஜெயில்ல போட்டாச்சு!" என்று அவள் கத்துவது கேட்டது. காரின் கதவு திறந்து மூடியது.

காலடிச் சத்தம் உள்ளே வந்தது. ஸெனியா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"வசதியா இருக்கா?"

"கட்டில் கொஞ்சம் குட்டை. மத்தபடி ஜன்னல் இருக்கு, காத்தோட்டம் இருக்கு. வாடகைதான் என்னன்னு தெரியலை."

அவள் திரும்பி நடந்தாள். நேராக வாசலுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. காலடிச் சத்தம் அடுத்த அறைக்குள் நுழைந்து நின்றது.

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். "அது முடி சுருட்டற மிஷின்! மேல தொங்குதே ஒயரு, ஒவ்வொண்ணையும் தலைமுடியில மாட்டி..."

"தெரியுது. கத்தாதே."

மறுபடி காலடி. இந்தத் தடவை நின்றவள் நகரவே இல்லை. நான் கம்பியில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். அவள் முதுகில் பாதிதான் தெரிந்தது. எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடைபட்டது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாததுதான் தாங்கவில்லை.

"என்ன பாக்கறே?"

"ஸ்கேட்."

"என்ன ஸ்கேட்? அந்த மூலையில ஸ்கேட்டுன்னு அட்டையே இல்லையே?"

"பனியில சறுக்க சின்னப் பிள்ளை போட்ட ஸ்கேட். ஒரு காலுக்குக் கடையில வாங்கின பிளேடு. இன்னொரு காலுக்கு ரொட்டி வெட்டற கத்தியை ஒடிச்சு அடிச்சிருக்காங்க."

"அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

"கன்னுக்குட்டிக்குப் பக்கத்துலயே இருக்கு. நீ இதுக்கு முன்னால நின்னுதான் அதைப் பத்தி வாசிச்சிருக்கணும். கார் வரைக்கும் கேட்டுச்சு."

ஒரு கால் கடை பிளேடு, ஒரு கால் கத்தி. அந்தப் பிள்ளை பனியில் நேராகப் போயிருக்குமா, வட்டமாகச் சுற்றியிருக்குமா?

"அந்தக் கத்தி தேஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் முதுகு இன்னும் குனிந்தது. "நல்லாத் தேஞ்சிருக்கு. பிளேடை விடவும். அந்தக் கால்லதான் உந்தியிருக்கும் போல." அவள் குரலில் ஏதோ மாறியிருந்தது. நான் கேட்டது பிடித்திருந்தது மாதிரி இருந்தது. பழக்கமில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் திரும்பி வரும்போது பின்னாலேயே லரிசா இரண்டு தட்டுகளோடு வந்தாள். வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு வழிந்தது.

"சாவி?" என்றேன்.

"சாப்பாடு" என்றாள். "ஹால்ல மைக்ல சொல்லிட்டாங்கப்பா. 'மியூசியம் ஜெயில்ல ஒரு ஆளு மாட்டிக்கிட்டாரு, கம்பி அறுக்கற மிஷின் யார்கிட்டயாவது இருக்கா, அப்புறம் இனிப்புக்குப் பூசணிப் பை இன்னும் நிறைய இருக்கு.' எல்லாரும் கை தட்டினாங்க. உங்களுக்கா பூசணிப் பைக்கான்னு தெரியலை."

"மிஷின் இருக்கா?"

"டெல்பர்ட்னு ஒருத்தர்கிட்ட இருக்கு. ஆனா கம்பியை அறுக்க மியூசியம் கமிட்டி சம்மதிக்கணுமாம். கமிட்டியில மூணு பேரு. அதுல ரெண்டு பேரு ஒருத்தர்கூட ஒருத்தர் பேசறதில்ல. போன வருஷம் விருந்துல ஒருத்தரோட ஊறுகாயை இன்னொருத்தர் மேஜைக்கு அடியில வெச்சுட்டாராம். இர்மா நடுவுல நின்னு மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டிருக்காங்க. டெல்பர்ட் அதுக்குள்ள பை சாப்பிட்டுடறேன்னாரு."

"நான் இங்க..."

"உங்களுக்கும் எடுத்துட்டு வரச் சொன்னாரு" என்று ஒரு துண்டைக் கம்பி வழியாக நீட்டினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் தாரஸுக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லணும். இங்க சிக்னல் இல்லை" என்று போய்விட்டாள்.

சிக்னல் இருந்தது. சற்று முன்புதான் நாங்கள் இர்மாவுக்கு அங்கிருந்து பேச முயன்றோம். இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லவும் நான்தான் கற்றுக்கொடுத்திருப்பேன்.

ஸெனியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உள்ளே தரையில் உட்கார்ந்தேன். இருவரும் சாப்பிட்டோம். கம்பிகள் நட்டிருந்தது அகலமான ஒரு கட்டையில். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவது போன்ற கட்டை. அதன்மேல் தட்டை வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"தட்டை எடு" என்றாள் திடீரென்று.

எடுத்தேன். விரலால் தூசியைத் துடைத்தாள். கட்டையில் கோடுகள். குறுக்கே, நெடுக்கே. கட்டம் கட்டமாக, ஒன்று விட்டு ஒன்று சூடு போட்டுக் கறுப்பாக்கியிருந்தார்கள். எதிரெதிரே இரண்டு பேர் காய் நகர்த்தி வெட்டும் செக்கர்ஸ் ஆட்டத்தின் கட்டம். பாதி கம்பிக்கு உள்ளே, பாதி வெளியே. கம்பி வரிசை சரியாக நடுக்கோட்டில் நின்றது.

நான் சுவரெல்லாம் பார்த்தேன். "இதுக்கு அட்டை இல்லையே!"

"அதனாலதான் உன் கண்ணுல படலை."

அவள் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தாள். "உன் பக்கம் கோடு நேரா இருக்கு. என் பக்கம் கோணலா இருக்கு பாரு. உள்ளே இருந்தவன்தான் செதுக்கியிருக்கான். கம்பி வழியாக் கையை நீட்டி, எட்டாம எட்டி."

"கைதிகிட்டக் கத்தி ஏது?"

"அதான் நானும் யோசிக்கறேன்." கொஞ்சம் யோசித்தாள். "போலீஸ்காரன்தான் குடுத்திருக்கணும். குளிர்காலமா இருக்கும். அவனுக்கும் பொழுது போயிருக்காது."

ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தோம். சட்டத்தையே மீறிவிட்டு ஆட உட்கார்ந்த இரண்டு பேர்! எந்த அட்டையிலும் இல்லாத விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

என் சட்டைப் பையில் புதினா மிட்டாய் இருந்தது. அவளிடம் சூரியகாந்தி விதை. அடுக்கினோம். எதுவும் பேசாமலே ஆட்டம் தொடங்கிவிட்டது. காய் நடுக்கோட்டைத் தாண்டும்போது இரண்டு கம்பிகளுக்கு நடுவே விரலால் தள்ள வேண்டும். அவள் மூன்றாவது நகர்த்தலிலேயே என் மிட்டாய் ஒன்றை வெட்டினாள். பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது காயி!"

"வெட்டினது என்னுது."

நான் வெட்டிய விதையை நானும் தின்றேன். உப்புக் கரித்தது.

"இங்க பாரேன்" என்றாள். கட்டையின் ஓரத்தில் சிறு சிறு வெட்டுகள். என் பக்கம் ஓரம் முழுக்க நெருக்கமாக. அவள் பக்கம் மூன்றே மூன்று. "ஜெயிச்ச கணக்கு. உள்ளே இருந்தவன்தான் எல்லாத்துலயும் ஜெயிச்சிருக்கான்."

"அதனாலதான் அவனை வெளிய விடலையோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. அந்த மூன்று வெட்டுகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் உக்காந்த போலீஸ்காரன்கிட்ட சாவி இருந்திருக்கு. கதவு இருந்திருக்கு. எப்ப வேணா எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். இவ்வளவு தோத்தும் உக்காந்திருக்கான் பாரு."

"ஏன் உக்காந்திருந்தான்?" என்று கேட்டேன்.

என் நாக்கின் நுனியில் இதற்கு நாலு பதில் தயாராக இருந்தது, நாலும் நல்ல சிரிப்பு வரக்கூடியவை. ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அதனால் காத்திருந்தேன்.

அவள் ஒரு விதையை நகர்த்தினாள். "எதிர்ல இருந்தவன் பேசாம ஆடியிருப்பான்" என்றாள்.

நான் பேசாமல் ஆடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பஸ் ஓட்டும்போது பிள்ளைகள் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நகர்த்தல் போனது. இன்னொன்று போனது. தூரத்தில் சர்ச் ஹாலிலிருந்து தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வெளிச்சம் கட்டையில் விழுந்து கட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு மியூசியம் இருக்கு" என்றாள் ஸெனியா, கட்டத்தைப் பார்த்துக்கொண்டே. "செவ்வாய்க்கிழமையானா போவேன்."

என் கையிலிருந்த மிட்டாய் கீழே விழுந்தது. "நீயா? மியூசியத்துக்கா?"

"ம்."

"என்ன பாப்பே?"

"ஒரே ஒரு பொருள்தான். ஒரு வாரத்துக்கு ஒண்ணு. முன்னால பெஞ்சு போட்டிருக்கான், உக்காந்துக்குவேன். போன வாரம், துணி தைக்கறப்போ அளவு பாக்க நிறுத்தி வெப்பாங்களே, அந்தப் பொம்மை. இடுப்புல பஞ்சு வெச்சு வெச்சுப் பெருசாக்கியிருக்காங்க. அதை வெச்சுத் தனக்குத் தச்சுக்கிட்ட பொம்பளைக்கு வயசாக ஆக, பொம்மைக்கும் வயசாகியிருக்கு. ஒரு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"உனக்கு மியூசியம் பிடிக்காதுன்னு இல்ல நான்..."

"எனக்கு மியூசியம் பிடிக்கும், ஓரெஸ்ட்."

வாக்கியத்தின் மீதியை அவள் சொல்லவில்லை. மூன்று வெட்டுகளைக் கண்டுபிடித்தவளின் கணவன் அந்த அளவுக்காவது கண்டுபிடிக்க வேண்டாமா? முப்பத்திரண்டு வருஷம், எத்தனை ஊர், எத்தனை கார் நிறுத்துமிடம். மியூசியத்துக்குப் பயந்து அவள் காரில் உட்காரவில்லை.

ஒரு ஜோக் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றியது. தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்த விதையோடு சேர்த்து விழுங்கினேன்.

"அந்தப் பொம்மையோட இடுப்புல" என்றேன், "கடைசியா வெச்ச பஞ்சு எந்தத் துணியால கட்டியிருந்தாங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். வெகு நாளைக்கு அப்புறம் முழுசாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பூப்போட்ட துணி. பழைய கவுன் கிழிச்சது மாதிரி. ஏன் கேக்கறே?"

"தெரிஞ்சுக்கணும்னுதான்."

வெளியே லாரி ஒன்று வந்து நின்றது. கதவு அடைபடும் சத்தம். டெல்பர்ட்டாகத்தான் இருக்கும். யாரோ எதையோ தரையில் இழுத்து வருவது கேட்டது. கூடவே இர்மாவின் குரல்: "பூட்டை மட்டும் அறுங்க, டெல்பர்ட். கம்பியில கை வெச்சீங்க, கமிட்டியில அந்த ரெண்டு பேரும் என்னை உயிரோட விடமாட்டாங்க!"

கட்டத்தில் எனக்கு இரண்டு மிட்டாய், அவளுக்கு நாலு விதை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்துவிடும். திறந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்புறம் கார், ரோடு, கல்யாணம். என் வாய் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு என்னைத் தெரியாதா?

"ஸெனியா" என்றேன். "ஞாயித்துக்கிழமை கல்யாணமெல்லாம் முடிஞ்சதும், என்கூட வீட்டுக்கு வர்றியா?"

பெட்டி இல்லை, பார்சல் இல்லை. அவ்வளவுதான் கேட்டேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

அவள் ரோட்டைப் பார்க்கச் சொல்லவில்லை. கம்பி வழியாகக் கையை நீட்டி, என் காலடியில் விழுந்து கிடந்த மிட்டாயை எடுத்து, தூசியை ஊதி, அது முன்பு இருந்த கட்டத்திலேயே வைத்தாள்.

"இல்லை" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரலை. எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது, வருவேனான்னும் தெரியாது. அக்கா முட்டியைச் சொல்லி இனிமே உன்னை ஏமாத்த மாட்டேன். ஆனா சாஸ்கட்டூன்ல என்னை இறக்கி விடற வரைக்கும், வழியில எத்தனை மியூசியம் வருதோ, எல்லாத்துக்கும் நிறுத்து. நானும் உள்ளே வர்றேன்."